பதின்மூன்றாவது சட்டகம்

பதினாறு மணி நேர இடைவெளியில் மகேசனிடம் இரண்டு கோப்பைகள் நீட்டப்பட்டன. வியாழன் மாலை ஆறு மணிக்கு நியூ லின் புறநகரில் நீட்டப்பட்டது பித்தளைக் கோப்பை. அதைக் குடித்தால் பிரபஞ்சம் திறக்கும் என்றார்கள். வெள்ளி காலை பத்து மணிக்கு மங்கரேயில் நீட்டப்பட்டது மூடி போட்ட பிளாஸ்டிக் கோப்பை. அதை நிரப்பித் தந்தால் வேலைக்குத் திரும்பலாம் என்றார்கள். இரண்டையும் மகேசன் இரு கைகளாலும் பணிவாக வாங்கிக்கொண்டார்.

இரண்டாவது கோப்பை அவருக்குப் புதிதல்ல. விமான நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள சரக்குக் கொட்டகையில் பதினொரு வருடமாக ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். அவ்வப்போது கணினி யாராவது ஒருவருடைய பெயரைப் பொறுக்கும். பொறுக்கப்பட்டவர் தாதியிடம் போய்ச் சிறுநீர் கொடுத்து, தான் போதையில் இல்லை என்று நிரூபிக்க வேண்டும். மகேசன் பீர்கூடக் குடிப்பதில்லை. சீட்டியடித்துக்கொண்டே போனார்.

தாதி தந்த படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது: கடந்த மூன்று நாட்களில் மருந்து, மூலிகை, வழக்கமில்லாத உணவு, பானம் ஏதேனும் உட்கொண்டீர்களா?

‘இல்லை’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். அது பொய்யல்ல. வெள்ளிக்கிழமை அவருக்கு விரதம். காலையில் வெறும் தேநீர். வியாழக்கிழமைக் கோப்பையோ விளக்குக்கு முன்னால் வைத்து எடுத்து வந்தது. இடது கையின் மேல் வலது கையை வைத்து வாங்கி, குடித்து முடித்ததும் ஈரக்கையைத் தலையில் தடவிக்கொண்டார். அப்படி வருவது பிரசாதம். பிரசாதத்தைச் சாப்பாட்டுக் கணக்கில் எவரும் சேர்ப்பதில்லை. விரதம்கூட அதனால் முறியாது. அதில் என்ன போட்டீர்கள் என்று கேட்பதும் மரியாதை இல்லை.

ஐந்து நிமிடம் கழித்துத் தாதி கோப்பையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். அதன் பக்கவாட்டில் ஆறு கோடுகள் தோன்ற வேண்டும். ஐந்துதான் தோன்றியிருந்தன. ஓபியேட், அதாவது அபின் வகை, என்று எழுதியிருந்த இடம் வெள்ளையாக இருந்தது.

“நெகட்டிவ் அல்ல,” என்றார் தாதி.

பாசிட்டிவ் என்று சொல்ல அவருக்கு அதிகாரமில்லையாம். ஆய்வுகூடம்தான் சொல்லும், அதற்குச் சில நாளாகும். அதுவரை அது நெகட்டிவ் அல்லாதது. உண்டு என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. வேதாந்திகள் ஆயிரம் வருடமாகத் தொண்டை வறளச் சொல்லிக்கொண்டிருப்பதை ஒரு தாதி ஒற்றை வரியில் சொல்லிவிட்டார். ரசிக்கும் நிலையில் மகேசன் இல்லை.

ஷிஃப்ட் மேற்பார்வையாளர் சியோனே, பசிபிக் தீவான டோங்காவைச் சேர்ந்தவர், தேவாலயப் பாடகர் குழுவில் அடிக்குரல் பாடுகிறவர். மகேசனுடைய ஃபோர்க்லிஃப்ட் சாவியை வாங்கித் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். தானே காரில் வீடு வரை கொண்டுவந்து விட்டார். இறங்கும்போது சொன்னார்:

“ப்ரோ, திங்கள் காலை எட்டு மணிக்கு மீட்டிங். நீ ‘இல்லை’ என்று எழுதிக் கொடுத்திருக்கிறாய். உனக்கு யாராவது ஏதாவது கொடுத்திருந்தால், அதில் என்ன இருந்தது என்று எழுதி, அவர்கள் கையெழுத்தோடு கொண்டு வா. அந்தக் காகிதம் இல்லாமல் வந்தால் நான் உனக்காக வாயைத் திறக்க முடியாது. வேலை போய்விடும்.”

கார் போனதும் மகேசன் உள்ளே போய், மனைவி வேலை முடிந்து வரும்வரை காத்திருந்தார்.

அவருடைய மனைவி சுகந்தினி மனுகாவில் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்கிறவர். பெயர் அட்டையைக் கழற்றும் முன்பே விஷயத்தைக் கேட்டுவிட்டார்.

“ஓபியேட் எண்டால் கொடீன் குளிசை, மோர்ஃபின், இல்லாட்டி பேக்கரியில விக்கிற பொப்பி விதை தூவின பணிஸ். கன பேருக்குப் பணிஸால இப்பிடி வாறதுண்டு. பணிஸ் திண்டனீங்களே?”

“எனக்கு விரதமப்பா.”

“அப்ப அந்த நியூ லின் ஆள் தந்ததுதான். என்ன அது?”

“சோமம்.”

“அது என்னத்தில செய்யிறது?”

“கேக்கேல்லை.”

“ஒரு வருசமாக் குடிக்கிறியள். என்னவெண்டு கேக்கேல்லை?”

“பிரசாதம் மாதிரி, சுகந்தி. அதை எப்பிடிக் கேக்கிறது?”

“எனக்கு ஒண்டு மட்டும் சொல்லுங்கோ. கடையில நான் ஒரு இருமல் மருந்து குடுக்கிறதெண்டாலும் அதில என்ன கிடக்கு எண்டு சொல்லித்தான் குடுக்கவேணும். அவருக்கு அது இல்லையே?”

அந்த ஆள் சரத். தமிழ்நாட்டுக்காரர், பகலில் ஒரு மென்பொருள் கம்பெனியில் புராஜெக்ட் மேனேஜர், வியாழன் மாலைகளில் ‘சோம வட்டம்’ என்ற அமைப்பின் நிறுவனர். தன் வீட்டு ஹாலில் பத்துப் பன்னிரண்டு பேரைப் பாயில் உட்கார வைத்து, ஆளுக்கொரு கோப்பை கொடுத்து, கண்ணை மூடச் சொல்வார். வருகிறவர்களில் பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள், ஓய்வு பெற்றவர்கள், ஏற்கனவே பெரு நாட்டுக்குப் போய் மூலிகைப் போதைக் கஷாயம் குடித்து ஒரு முறை வாந்தி எடுத்துப் பார்த்தவர்கள். தமிழ்நாட்டுக்காரர் எவரையும் சரத் சேர்ப்பதில்லை. “நம்ம ஆளுங்களுக்கு ஆன்மிகப் பசி கிடையாது,” என்பார். அதற்கு வேறு காரணம் இருக்கலாம் என்று மகேசன் ஒருபோதும் யோசித்ததில்லை.

சரத் வரும்வரை மகேசனின் ஓவியங்களை யாரும் பார்த்ததில்லை. ஒன்பது வருடமாகக் கராஜில் வைத்து, கொட்டகையில் எறியும் அட்டைப் பெட்டிகளைத் தட்டையாக்கி, அதில் வரைந்துகொண்டிருந்தார். ஓடுபாதையில் நிற்கும் நீலப் பெண், பத்துக் கை. பொங்கல் விழாவில் கழிப்பறைக்குப் போகும் வழியில் மாட்ட இடம் கொடுத்திருந்தார்கள். அங்கே சரத் நின்று பார்த்தார்.

“இதப் பாக்கறதுக்கு என்ன சாப்ட்டீங்க?”

“தேத்தண்ணி.”

சரத்தின் முகம் வாடியது. “அத வெளிய சொல்லாதீங்க,” என்றார்.

மூன்று வியாழக்கிழமை கோப்பை குடித்த பிறகு மகேசன் தரிசன ஓவியர் ஆனார். குடித்தபோது அவருக்கு நன்றாகத் தூக்கம் வந்தது. அதைத் தவிர வேறொன்றும் வரவில்லை. மற்றவர்கள் பாம்பையும் ஒளியையும் பார்த்ததாகச் சொன்னபோது தான் மட்டும் தூங்கினேன் என்று சொல்வது நாகரிகமாகப் படவில்லை. நீலப் பெண்ணைப் பார்த்தேன் என்றார். கண்காட்சி ஏற்பாடாகியது. கையேட்டில் ‘சோம நிலையில் கண்டவை’ என்று அச்சாகியது. படத்தின் மூலையில் 2017 என்றிருந்ததை மகேசனே நீலச் சாயத்தால் மறைத்து இந்த வருடத்தைப் போட்டார். அந்தத் தூரிகையைக் கழுவ அன்று அதிக நேரம் எடுத்தது.

இப்போது அவர் சரத்துக்குப் போன் செய்தார். விஷயத்தைச் சொன்னார்.

“அந்த ஃபார்மோட போட்டோ அனுப்புங்க,” என்றார் சரத். “என்ன பண்ணலாம்னு பாக்கறேன்.”

மகேசன் அனுப்பினார். நாளைக்குக் கண்காட்சியில் பேசிக்கொள்ளலாம் என்று பதில் வந்தது. கூடவே கும்பிடும் கைகள் மூன்று.

*

சனிக்கிழமை இரண்டு மணிக்கு நியூ லின் மண்டபம் நிறைந்திருந்தது. சுவரில் பன்னிரண்டு படங்கள் இருக்க வேண்டும். மகேசன் எண்ணினார். பதின்மூன்று.

பதின்மூன்றாவது அவருடைய படிவம். ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி, கறுப்புச் சட்டகம் போட்டு, தனி விளக்கு வைத்திருந்தார்கள். அவருடைய பெயர், ‘இல்லை’ என்ற அவருடைய எழுத்து, அவருடைய கையெழுத்து, கீழே தாதி எழுதிய ‘நெகட்டிவ் அல்ல’. ஓரமாக ஒரு சிறிய அட்டை: ‘உடலின் சாட்சியம். கலப்பு ஊடகம்.’

இது திங்கட்கிழமை மீட்டிங்கில் அவருக்கு எதிராக வைக்க வேண்டிய காகிதம். இதை ஆரும் பார்த்துவிட்டால்—

ஆரும் என்ன, சியோனே வாசலில் நின்றார். தங்கள் ஊர்க் கல்யாணங்களுக்குக் கட்டும், பாய்போலப் பின்னிய உடையை இடுப்பில் கட்டி, தலைமுடியை வாரி, இரண்டு வாரம் முன்பு மகேசன் கொடுத்த அழைப்பிதழைக் கையில் பிடித்தபடி. அழைத்ததே மறந்துபோயிருந்தது. சியோனே தூரத்திலிருந்தே கை காட்டிவிட்டு, முதலாவது படத்தின் முன்னால் போய் நின்றார். அவர் எதையும் வரிசையாகப் பார்க்கிறவர். சரக்குப் பட்டியலைச் சரிபார்ப்பது போல ஒவ்வொரு படத்துக்கும் தலையை ஆட்டிவிட்டுத்தான் அடுத்ததுக்குப் போவார்.

முதலாவதிலிருந்து பதின்மூன்றாவது வரை அவருக்கு எவ்வளவு நேரம் எடுக்கும்? மகேசன் சரத்தைத் தேடி ஓடினார். சரத் காவி நிற லினன் சட்டையில், மைக் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

“சரத், அதைக் கழட்டுங்கோ. என்ர மேற்பார்வையாளர் வந்து நிக்கிறார்.”

“எத? பதிமூணா? மகேசன், அதுதான் ஷோவே. இத்தன நாளா நாம சொன்னோம், நம்பினவன் நம்பினான். இப்ப ஒரு லேப் சொல்லுது! ஹெலன் வந்திருக்காங்க, தெரியுமா? படம் வாங்கற கலை அறக்கட்டளை. அவங்க சேகரிப்புல ஒரு தமிழன் படம்கூட இல்ல.”

“ஒரு கடுதாசி தாங்கோ. அதில என்ன கிடக்கு எண்டு எழுதி ஒரு கையெழுத்து. என்ர வேலை போகப்போகுது.”

“ஃபோர்க்லிஃப்ட்தானே? நீங்க இப்ப அதையெல்லாம் தாண்டிட்டீங்க.”

“மோர்ட்கேஜைத் தாண்டேல்லை.”

“சோமத்தோட கலவைய எழுதிக் குடுக்க எனக்கு அதிகாரம் இல்ல, மகேசன். அது குரு பரம்பரை.”

“உங்கட குரு ஆர்?”

“அதையும் சொல்ல அதிகாரம் இல்ல.” சரத் மைக்கைக் கையால் மூடினார். “நாலு மணி வரைக்கும் பொறுங்க. ஹெலன் கையெழுத்துப் போடட்டும். அப்புறம் பேசலாம்.”

அப்புறம் அவர் எழுத மாட்டார் என்பது மகேசனுக்குத் தெரிந்தது. திரும்பிப் பார்த்தார். சியோனே நாலாவது படத்தில் நின்றார். தட்டோடு வந்த பெண் நீட்டிய கோப்பையை எடுத்துக் குடித்துவிட்டு, இன்னொன்றை எடுத்தார்.

தட்டு எங்கிருந்து வந்ததோ அந்தப் பக்கம் மகேசன் நடந்தார். பின்கட்டில் ஒரு சின்னச் சமையலறை. அங்கே சரத்தின் மனைவி சுந்தரி, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, ஆள் குளிக்கலாம் போன்ற ஒரு பாத்திரத்தைக் கிண்டிக்கொண்டிருந்தார்.

“வாங்கண்ணா. அந்த வெல்லத்த இப்படித் தள்ளுங்க. அம்பது பேர்னு சொன்னாரு, எழுபது பேர் வந்திருக்காங்க.”

“இது என்ன சுந்தரி?”

“பாயாசம்.”

“இல்லை… அந்த வட்டத்தில தாறது.”

“அதான் இது. கசகசா பாயாசம். நீங்க சாப்பிட்டதே இல்லையா? எங்க ஊர்ல தூக்கம் வரலைன்னா எல்லா வீட்லயும் இதத்தான் வச்சுக் குடுப்பாங்க. இவரு சுக்கத் தூக்கலாப் போடு, வெல்லத்தக் குறைம்பாரு. கொஞ்சம் கசக்கணுமாம். கசந்தாத்தான் நம்புவாங்களாம்.”

“கசகசா எண்டால், எங்கட சர்பத்துக்குள்ள மிதக்கிற கறுப்பு விதையே?”

“அது வேறண்ணா. இது வெள்ளையா, ரவை மாதிரி.” சுந்தரி ஒரு காலி பாக்கெட்டை நீட்டினார். இரண்டு கிலோ. அதன் மேல் ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் இருந்ததை மகேசன் இரண்டு முறை வாசித்தார். பொப்பி விதை.

சுகந்தினி கேட்ட பணிஸ் இத்தனை நாளும் பித்தளைக் கோப்பையில் வந்துகொண்டிருந்திருக்கிறது.

“இதுதான் சோமமா?”

“நான் பாயாசம்னுதான் குடுத்தனுப்புறேன். ஹாலுக்குப் போறதுக்குள்ள அது வேற என்னமோ ஆயிடுது.” சுந்தரி கரண்டியைத் தட்டினார். “ஏண்ணா, உங்க முகம் என்ன இப்படி இருக்கு?”

மகேசன் சொன்னார். படிவம், ஐந்து கோடு, திங்கள் எட்டு மணி. சுந்தரி அடுப்பை அணைத்தார். ஒரு காகிதத் தட்டைத் திருப்பிப் போட்டு, அதன் முதுகில் எழுதினார்: கசகசா இவ்வளவு, தேங்காய் இவ்வளவு, அரிசி ஒரு கைப்பிடி, சுக்கு, ஏலக்காய், வெல்லம். ஆங்கிலத்திலும் எழுதி, கீழே கையெழுத்திட்டு, போன் நம்பரும் போட்டார்.

“அவரு கோச்சுக்குவாரே?” என்றார் மகேசன், பதற்றத்தில் தமிழ்நாட்டுத் தமிழில்.

“கோச்சுக்கட்டும். ஒரு வருசத்துக்கு மேலா வாராவாரம் பாத்திரம் கழுவறேன், ஒருத்தராவது பாயாசம் நல்லா இருந்துச்சுன்னு சொன்னாங்களா? எல்லாம் அவருக்குத்தான் கும்பிடு.”

*

தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மகேசன் ஹாலுக்கு வந்தபோது கூட்டம் உட்கார்ந்திருந்தது. சியோனே பன்னிரண்டாவது படத்தடியில், கடைசி வரிசையில். பேச்சு தொடங்கியதால் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். பதின்மூன்றாவது அவருடைய தலைக்குப் பின்னால் இருந்தது. அவர் ஒரு தடவை திரும்பினால் போதும்.

சரத் ரிஷிகளைப் பற்றிப் பேசினார், குகை ஓவியங்களைப் பற்றிப் பேசினார், கலையும் மதமும் ஒரே கோப்பையில் பிறந்தவை என்றார். பிறகு கையை நீட்டி, “இன்று விஞ்ஞானமே சாட்சி சொல்கிறது. பின்னால் பாருங்கள்,” என்றார்.

எல்லோரும் திரும்பினார்கள். சியோனேயும்.

மகேசன் அவருடைய பிடரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது அசையவில்லை. வெகு நேரம் அசையவில்லை.

முன்வரிசையில் ஹெலன் கையை உயர்த்தினார். நரைத்த குட்டை முடி, பெரிய மரவளையல். ஓவியரிடம் ஒரே ஒரு கேள்வி என்றார். சோமத்தைக் குடித்த அந்தக் கணத்தில், நீலப் பெண்ணில் முதலில் தெரிந்தது எது?

சரத் மைக்கைக் கொண்டுவந்து மகேசனின் கையில் வைத்து, விரல்களை அழுத்தினார். எழுபது பேர். கடைசி வரிசையில் சியோனே இப்போது முன்னால் திரும்பி, மகேசனையே பார்த்தார்.

கண்கள் என்று சொன்னால் போதும். பத்துக் கை என்றாலும் போதும். ஒன்பது வருடம் கராஜில் கிடந்த படங்களுக்கு ஒரு வழி பிறக்கும்.

மகேசன் நீலப் படத்துக்குப் போனார். மூலையில் இருந்த வருடத்தைப் பெருவிரல் நகத்தால் சுரண்டினார். சாயம் உரிந்து 2017 வெளியே வந்தது.

“இதை வரைந்தபோது எனக்கு இவரைத் தெரியாது,” என்றார் ஆங்கிலத்தில். “ஃபோர்க்லிஃப்டுக்கு முன்னால் ஒரு நீல விளக்கு இருக்கிறது. வண்டி வருகிறது, ஒதுங்கு என்று நடக்கிறவர்களுக்குக் காட்ட. மழைக்காலத்தில் காலை ஏழு மணிக்கு அது ஈரத் தரையில் விழும். பெட்டிகளைச் சுற்றிய பிளாஸ்டிக் காற்றில் கிழிந்து ஆடும். பத்துக் கை மாதிரி இருக்கும். நான் குடித்திருந்தது தேநீர். பால் இல்லாமல்.”

பிறகு காகிதத் தட்டைத் தூக்கி, கசகசாவில் தொடங்கி வெல்லம் வரை உரக்க வாசித்தார்.

ஹாலில் ஒரு கதிரை கிரீச்சிட்டது. நடுவரிசையில் ஒரு முதியவர் எழுந்தார். “அப்படியானால் என் நாய்?” என்றார் தழுதழுத்து. “இறந்துபோன என் நாயை நான் பார்த்தேனே!”

“நண்பர்களே,” என்று சரத் கைகளை விரித்தார், “இதுதான் கடைசிப் படி. கண்டவன் தான் கண்டதையே மறுப்பான். இவ்வளவு பணிவை நான் பார்த்ததே இல்லை!”

சிலர் கைதட்டினார்கள். ஹெலன் நோட்டுப் புத்தகத்தில் வேகமாக எழுதினார்.

அப்போது கடைசி வரிசையில் சியோனே எழுந்தார். அவர் எழுந்தால் ஹாலில் மூன்றிலொரு பங்கு மறையும். கையில் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய காலிக் கோப்பைகள். நாலு.

“ப்ரோ,” என்றார் மெதுவாக. “அந்தப் பட்டியல், இந்தக் கோப்பையில் இருந்ததா?”

“ஓம்,” என்றார் மகேசன், தமிழில்.

சியோனே கோப்பைகளைப் பார்த்தார். பதின்மூன்றாவது சட்டகத்தைப் பார்த்தார். திங்கட்கிழமை அவரும் வண்டி ஏற வேண்டியவர். சமையலறைப் பக்கம் நடந்தார். வாசலில் நின்று சுந்தரியிடம் தனக்கும் ஒரு தட்டில் எழுதித் தரச் சொன்னது ஹால் முழுக்கக் கேட்டது. அடிக்குரல்.

தட்டோடு ஒரு இரண்டு லீட்டர் ஐஸ்கிரீம் டப்பாவில் மிச்சப் பாயாசத்தையும் சுந்தரி கட்டிக் கொடுத்தார். ரொம்ப நன்றாக இருந்தது என்று சியோனே சொல்லிவிட்டாராம்.

*

திங்கள் எட்டு மணிக்கு மீட்டிங் அறையில் சியோனே முதலில் தன் பெயரைச் சொல்லித் தாதியிடம் கோப்பை வாங்கினார். ஞாயிறு ஆராதனை முடிந்து மீதி டப்பாவையும் காலி செய்திருந்தார். ஆதாரத்துக்காக என்றார். ஐந்து கோடு. பதினேழு வருடமாகச் சாராயத்துக்கு எதிராகப் பாடுகிறவருடைய கோப்பையில் ஆறாவது கோட்டைக் காணவில்லை. மேசையில் இரண்டு காகிதத் தட்டுகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. மனிதவள அதிகாரி இரண்டையும் பார்த்துவிட்டு, ஏலக்காய் என்றால் என்ன என்று மட்டும் கேட்டார்.

ஆய்வுகூட முடிவு வரும் வரை இருவரும் கொட்டகையைப் பெருக்கினார்கள். வியாழக்கிழமை முடிவு வந்தது. உணவுதான் காரணம் என்று ஏற்றுக்கொண்டார்கள். சாவி திரும்பி வந்தது. கூடவே மகேசனுக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம்: படிவத்தில் பானத்தைக் குறிப்பிடத் தவறியதற்காக. பிரசாதம் பானம் ஆகாது என்று விளக்க அவர் வாயெடுத்தார். சியோனே பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

அறக்கட்டளை வாங்கியது நீலப் பெண்ணை அல்ல. பதின்மூன்றாவது சட்டகத்தை வாங்கியது. சுந்தரியின் தட்டையும் சேர்த்துக் கேட்டிருக்கிறது. மகேசனின் மறுப்புதான் படைப்பை முழுமையாக்கியது என்று ஹெலன் எழுதியிருந்தார். நீலப் பெண் கராஜுக்குத் திரும்பினாள்.

“அப்ப படம் வரைஞ்சது நீங்கள் இல்லை, அந்த நேர்ஸ்,” என்றார் சுகந்தினி.

மறுநாள் காலை ஃபோர்க்லிஃப்டில் ஏறி உட்கார்ந்ததும் சரத்திடமிருந்து செய்தி வந்தது. ‘சியோனேவோட ஃபார்ம் கிடைக்குமா? ஜோடியா மாட்டினா ஒரு தொடராயிடும்.’ மூன்று கும்பிடும் கைகள்.

மகேசன் போனைக் கவிழ்த்து வைத்தார். சாவியைத் திருப்பினார். மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. நீல வெளிச்சம் ஈரத் தரையில் விழுந்து, கிழிந்த பிளாஸ்டிக்கில் ஏறி, கையாக விரியத் தொடங்கியது. ஒன்று, இரண்டு, மூன்று வரை எண்ணினார்.

பின்னால் நின்ற லாரிக்காரன் ஹோர்ன் அடித்தான்.